பேர் சொல்லிக் கூப்பிடணும்

பெட்டி கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு தம்பி. அது ஒண்ணும் எந்திரிச்சு ஓடிறாது. மொதல்ல உக்காருங்க. அங்கிட்டு இல்ல, அது உங்கப்பா கட்டிலு. இங்கிட்டு வாங்க, என் கட்டில்ல உக்காருங்க. அவரு விரிப்பு கசங்கிச்சுன்னா என்னையத்தான் வைவாரு. மூச்சு வாங்குதா? படி செங்குத்துப் படி. நானெல்லாம் ஏறி வந்தா கொஞ்ச நேரத்துக்குப் பேச்சே வராது.

இருங்க, இருங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சாந்தாராம் மகன்தான நீங்க? மூக்கே சொல்லுதே. பரமக்குடியிலருந்து பஸ் ஏறி, தெற்குவாசல்ல எறங்கி, பல குடித்தனம் இருக்கற இந்த வளவைத் தேடிப் பிடிச்சு வந்திருக்கீக. பெட்டிய எடுக்கத்தான வந்தீக? தெரியும். தலையில துண்டு கட்டியிருக்கீக, இருக்கட்டும், வெயிலு. கழட்ட வேணாம். கழட்ட வேணாம்னு சொல்றேன்ல. கல்யாண போட்டோல உங்களுக்கு நல்லா அடர்த்தியா மீசை இருந்துச்சே? உங்கப்பா நூறு தடவ காட்டியிருப்பாரு. சரி, எடுத்தா எடுத்ததுதான். பழனிக்கு நேர்ந்திருப்பீக. இந்தாங்க, தண்ணி குடிங்க.

பெட்டியத் தர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நாயம் வேணும். உங்கப்பா பண்ணிட்டுப் போன காரியத்துக்கு நாயம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அப்புறம் நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்புன்னு.

நான் யாருன்னு சொல்லியிருப்பாரு. மொக்கராசு, ஃபயர் சர்வீஸ். அந்தா ஆணில தொங்குதே பதக்கம், அது ஒரு லாட்ஜுல தீப்பிடிச்சப்ப வாங்கினது. மூணாவது மாடி. ஒரு பொம்பளையத் தோள்ல போட்டு, அவ புள்ளைய இடுப்புல இடுக்கி, ஏணில எறங்கி வந்தேன். விட்டுட்டு மறுபடி ஏறினேன். மறுபடியும் ஏறினேன். பேப்பர்ல போட்டோ போட்டான். இப்ப ஒரு கொடம் தண்ணி தூக்கக் கூடாதுங்கறாரு டாக்டர். சிரிப்பா இருக்குல்ல? எனக்கு இல்ல.

ஊர்ல பூராம் ஃபயர் சர்வீஸ்னா தீயணைக்கற ஆளுகன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. தீயெல்லாம் எப்பவாச்சுந்தான் தம்பி. கெணத்துல விழுந்த மாடு, சமையக்கட்டுல பாம்பு, அப்புறம் கதவு. என் கடைசி சர்வீஸ் பூராம் கதவுதான். தனியா இருக்கற பெருசு ஒண்ணு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருக்கும். ஆளக் காணோம், பால் பாக்கெட்டு வாசல்லயே கெடக்கு, லேசா வாடை வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரன் போன் போடுவான். நாங்க போவோம். உள்ள எப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சோறு திங்கற புள்ளை.

எங்க ஸ்டேஷன்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. எடுத்த எடுப்புல கடப்பாரையப் போட மாட்டோம். அக்கம்பக்கத்துல கேட்டு, உள்ள இருக்கறவுக பேரத் தெரிஞ்சுக்கிட்டு, மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிடணும். ஐயான்னு இல்ல, பெரியவரேன்னு இல்ல. பேரு. வாடையே எல்லாத்தையும் சொல்லிரும், இருந்தாலும் கூப்பிடணும். எந்த ரூல்லயும் கெடையாது, எனக்கு முந்தி இருந்தவுக வச்சுட்டுப் போன வழக்கம். மூணாவது தடவ கூப்பிட்டு பதில் இல்லைன்னாத்தான் அவுக செத்தவுக. அது வரைக்கும் உசுரோட இருக்கறவுகதான் எங்களுக்கு. சர்வீஸ்ல நான் ஒரு கதவுலகூட அதை விட்டதில்ல.

என் வீட்டுக்காரி போனப்புறம் நான் இந்த மாடிக்கு வந்தேன். மக திருப்பூர்ல இருக்கா, மருமகனுக்கும் எனக்கும் ஆகாது, அதை விடுங்க. நெஞ்சு வலின்னு பெரியாஸ்பத்திரிக்குப் போனா, பம்பிங் கொறஞ்சு போச்சு, கால்வாசிதான் வேலை செய்யுதுன்னுட்டாக. அன்னிக்கு வீட்டுக்கு வந்து நான் செஞ்ச மொத வேலை என்ன தெரியுமா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இந்தக் கதவுத் தாழ்ப்பாளக் கழட்டித் தெருவுல எறிஞ்சேன். என்னைய எவனும் கடப்பாரை போட்டு எடுக்கக் கூடாது. தொறந்த வீட்டுல செத்தாப் போதும். வேற ஆசையே இல்ல எனக்கு.

வீட்டுக்காரம்மா ஜெயக்கொடி இருக்கே, கீழ வாசல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சே, அதுதான், அது வந்து கறாராச் சொல்லிருச்சு. "நெஞ்சுவலிக்கார மனுசன் ஒண்டியா இருக்கப்படாது. இன்னொரு ஆளச் சேத்துக்கங்க, இல்லைன்னா வீட்டக் காலி பண்ணுங்க. என் வீட்டுல நடக்கக் கூடாதது நடந்து, அதுக்கப்புறம் எவன் குடி வருவான்?" அதுவும் வாஸ்தவந்தான். எனக்குத்தான் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இந்த வயசுல ஒருத்தனோட குறட்டையக் கேட்டுக்கிட்டு ஒரே ரூம்ல கெடக்கணுமான்னு எகிறுனேன். கடைசில சரின்னேன். போக்கெடம் வேணும்ல?

அப்படி வந்து சேந்தவருதான் உங்கப்பா. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில சேலை காட்டினவரு. உங்கம்மாவப் பரமக்குடியில உங்ககிட்ட விட்டுட்டு, கடையோட இங்கயே பழகிப் போனவரு. ஆயுசு பூராம் நின்னுக்கிட்டே வேலை பாத்தவருக்கு உக்காரவே தெரியல தம்பி. சோத்தக்கூட நின்னுக்கிட்டுத்தான் திம்பாரு. போர்வைய ஒரு ஒதறு ஒதறினா பட்டுச்சேலை மாதிரி போய் விரியும். என் கைலியெல்லாம் கடை மடிப்புல மடிச்சு அடுக்கி வச்சிட்டாரு. மாடிக்குப் பூனை வந்தாக்கூட "வாங்க வாங்க"ன்னுதான் வாய்ல வரும். ஆனா மனுசன் சரியான பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாப் பயம், இடி இடிச்சாப் பயம், திருடன்னா சொல்லவே வேணாம். வந்து பெட்டிய எறக்கி வச்சதும் கேட்ட மொதக் கேள்வி, "அண்ணே, தாழ்ப்பாள் எங்க?"

இல்லைன்னேன். முகம் வெளுத்துப் போச்சு. மறுநாளே போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்து, ஆசாரிய வச்சு மாட்டிட்டாரு. நான் விடுவனா? அவரு போடுவாரு, நான் எந்திரிச்சுப் போய் எடுப்பேன். முழிச்சுப் பாத்து அவரு மறுபடி போடுவாரு. "யோவ், நான் பொதுக்குன்னு போயிட்டா வெளியாளு எப்படிய்யா உள்ள வருவான்?"னு கத்தினேன். அதுக்கு அவரு, "நான் உள்ளதான இருக்கேன்? நான் தொறக்க மாட்டனா?"ன்னாரு. எனக்கு அது தோணவே இல்ல தம்பி. சத்தியமா. ரூமுக்குள்ள ரெண்டு பேரு இருந்தா ஒருத்தன் கதவத் தொறப்பான்லங்கற கணக்கு, ஆயிரம் கதவு ஒடச்சவனுக்குத் தோணல.

அதுல ஒப்பந்தம் ஆச்சு. தாழ்ப்பாள் இருக்கட்டும். யாரு முந்தினாலும் மத்தவன் கதவத் தொறக்கணும். தெனம் வெள்ளனே ரோல் கால். எங்க ஸ்டேஷன்ல எடுக்கற மாதிரி. நான் படுத்த வாக்குல "சாந்தாராம்!"னு குரல் குடுப்பேன். "இருக்கேன்ணே!"ம்பாரு. அப்புறம் அவரு "மொக்கராசண்ணே!"ம்பாரு. "இருக்கேன்யா, எங்க போகப் போறேன்!"னு நான் எரிஞ்சு விழுவேன். இதைக் கேட்டு ஜெயக்கொடி கீழயிருந்து சிரிக்கும். சிரிக்கட்டும். அந்த "இருக்கேன்ணே"யக் கேட்டதுக்கப்புறந்தான் எனக்குப் பல்லு வெளக்கவே மனசு வரும்.

அதுக்காக அவரு பெரிய யோக்கியர்னு நெனச்சிராதீங்க. அவரோட குடித்தனம் நடத்துறது லேசுப்பட்ட காரியமா? சமைக்கிறேன்னு சமைப்பாரு, ஒரு மண்ணுலயும் உப்பு இருக்காது. உப்பு டப்பாவையே எங்கிட்டோ ஒளிச்சு வச்சிட்டாரு. கேட்டா, "நானும் அதைத்தானண்ணே திங்கறேன்"ம்பாரு. உங்க வீட்டுப் புளியோதரை நாலு தெருவுக்கு மணக்கும்னு பேரு, இவரு பண்ற புளியோதரை வெறும் புளி. அப்புறம் ரோல் கால் முடிஞ்சதும் குழாயடிக்கு ஓடிருவாரு. பொம்பளைக கூடப் பேசறதுக்குத்தான், வேறென்ன? நான் எந்திரிச்சுப் பாத்தா ரூம்ல எல்லாக் கொடத்துலயும் தண்ணி ரொம்பி நிக்கும். எனக்கு ஒரு வேலை மிச்சம் வைக்க மாட்டாரு. என்னைய என்ன, கையாலாகாதவன்னு நெனச்சாரா?

ஆஸ்பத்திரிக்குக்கூட ஒண்டியா விட மாட்டாரு. ஒட்டிக்கிட்டே வருவாரு. போன தடவ டாக்டர் என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு அவரை மட்டும் நிறுத்திப் பேசினாரு. வெளிய வந்தவரு வழி பூராம் என் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. என்னய்யா சொன்னாருன்னேன். "உப்பக் கொறைக்கச் சொன்னாருண்ணே"ன்னாரு. இதுக்கு மேல கொறைக்க என்ன இருக்கு?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த நாளு. காலைலயே உப்புச் சண்டை. நான் தட்டத் தள்ளி விட்டுட்டேன். "நீரு ஒண்ணும் தொணைக்கு வர வேணாம், எனக்குக் காலு இருக்கு"ன்னு சொல்லிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன். மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். போன் மேசை மேலயே கெடந்துச்சு, கோவத்துல எவன் எடுப்பான்? அங்க போனா கூட்டம். என் மொறை வந்து பாத்தவுக, துடிப்பு சரியில்லை, கொஞ்சம் படுங்கன்னு ஊசியப் போட்டு, பாட்டிலத் தொங்கவிட்டுப் படுக்க வச்சிட்டாக. நான் ஆட்டோ புடிச்சு வளவுக்கு வந்து எறங்கறப்ப பொழுது சாயப் போகுது.

படியேறி வந்து பாத்தா கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. தட்டினேன். சத்தமில்ல. மறுபடி தட்டினேன். சத்தமில்ல தம்பி.

பொழுதிருக்கையில அவரு தாழ்ப்பாள் போட மாட்டாரு. படியேறின மூச்சு இன்னும் எறங்கல. சாந்தாராம்னு கூப்பிடணும், தெரியுது. நெஞ்சுக்குள்ள கூப்பிடறேன், தொண்டைக்கு வரல. வெறுங்காத்துத்தான் வருது. அதுக்குள்ள ஜெயக்கொடி மேல வந்துருச்சு, பின்னாடியே வளவே வந்துருச்சு. ஆளாளுக்குக் கதவ இடிக்கறாக, "ஐயா, ஐயா, தொறங்கய்யா!"ங்கறாக. கீழ்ப் போர்ஷன்காரம்மா சின்னப்பொண்ணு இருக்கே, அது ஒரு படி மேல போய், "ஐயோ, தங்கமான மனுசனாச்சே, இப்படிப் போயிட்டாகளே!"ன்னு ஒப்பாரியே வச்சிருச்சு. ஜெயக்கொடி போனை எடுத்து, "ஃபயர் சர்வீஸுக்குப் போடறேன், அவுக வந்து ஒடைக்கட்டும்"னுச்சு.

என் வீட்டுக்கு என் ஸ்டேஷன் வண்டியா? நான் உசுரோட நிக்கையிலயா?

அம்புட்டுத்தான். ரெண்டு எட்டு பின்னால வந்து, தோளக் குடுத்தேன். மொத இடியில அசையல. ரெண்டாவதுல ஸ்க்ரூ பிச்சுக்கிட்டு வந்துருச்சு. கதவோட நானும் உள்ள விழுந்தேன். பேர் சொல்லிக் கூப்பிடாம நான் ஒடச்ச ஒரே கதவு அதுதான்.

விழுந்து கெடந்துக்கிட்டே நிமிந்து பாக்கறேன். உங்கப்பா அந்தக் கட்டில்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. ரெண்டு காதையும் கையால பொத்திக்கிட்டு, கண்ண எறுக்கி மூடிக்கிட்டு. உசுரோட! ஒண்ணுமே ஆகல மனுசனுக்கு! கண்ணத் தொறந்து என்னையப் பாத்தாரு. பேயப் பாத்த மாதிரி பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து என் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்கறாரு. "வந்துட்டீங்களாண்ணே, நடந்தே வந்துட்டீங்களாண்ணே"ன்னு ஒரே அழுகை.

"ஏன்யா தொறக்கல?"ன்னேன். அதுக்கு அவரு சொன்ன பதிலக் கேளுங்க. "எல்லாரு சத்தமும் கேட்டுச்சுண்ணே. உங்க சத்தம் மட்டும் கேக்கல. மத்தியானத்துலருந்து உங்களக் காணோம், பயத்துல தாழ்ப்பாளப் போட்டுட்டேன். ஆட்டோ வந்து நின்னுச்சு, யாரோ தட்டினாங்க, நீங்கன்னா சத்தம் போட்டுல்ல தட்டுவீங்க? எந்த நிமிசமும் எதுவும் ஆகலாம், தயாரா இருங்கன்னு டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு. ஒப்பாரி வேற கேட்டுச்சு. உங்களத் தூக்கிட்டு வந்துட்டாங்கன்னு நெனச்சேன். கதவத் தொறந்தாத்தான உள்ள கொண்டு வருவாங்க? தொறக்காட்டி எப்படிக் கொண்டு வருவாங்கன்னு உக்காந்துட்டேன்."

இது ஒரு பேச்சா தம்பி? வெளிய நான் அவரு செத்துட்டாருன்னு நிக்கறேன், உள்ள அவரு நான் செத்துட்டேன்னு உக்காந்திருக்காரு. எனக்கு எங்கயிருந்துதான் வந்துச்சோ அந்த ஆங்காரம். ஓங்கி ஒரு அறை விட்டேன். வளவே பாக்க, பளார்னு. "ஒப்பந்தம் என்னய்யா? கதவத் தொறப்பேன்னுதான சொன்னீரு?"ன்னு கத்தினேன். கத்த மட்டும் மூச்சு வந்துருச்சு பாருங்க. அவரு கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு, "தப்புத்தாண்ணே"ன்னாரு.

மறுநாள் வெள்ளனே நான் "சாந்தாராம்!"னு குரல் குடுத்தேன். பதில் வரல. எந்திரிச்சுப் பாத்தா நாலு துணிய மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு நிக்காரு. "மகன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேண்ணே"ன்னாரு. "ஏன், அடிச்சது வலிக்குதாக்கும்?"னேன். "அடி என்னண்ணே அடி. நெசமாவே ஒரு நாளு உங்களத் தூக்கிட்டு வருவாங்க, அன்னிக்கு நான் கதவத் தொறக்கணும். அது என்னால ஆகாதுண்ணே. நேத்தே தெரிஞ்சு போச்சு"ன்னாரு. சாக்கு! ஒரு அறைக்கு ரோசப்பட்டுப் போறவரு சொல்ற சாக்கு! அம்புட்டு நாளு ஒண்ணாத் தின்னு, ஒண்ணாப் படுத்துட்டு, இந்த நெலமையில என்னைய விட்டுட்டுப் போறது எந்த ஊரு நாயம்? நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்ப வேணாம். நான் இன்னும் முடிக்கல.

போறப்ப உப்பு டப்பாவ எடுத்து மேசை மேல வச்சிட்டுப் போனாரு. அதை நான் இன்னும் தொடல. பழகிப் போச்சு, இப்ப உப்புப் போட்டாக் குமட்டுது.

ஆனா பெட்டிய விட்டுட்டுப் போனாருல்ல? அதைத்தான் நான் ஜெயக்கொடிகிட்டயும் சொன்னேன். திரும்பி வர்றவந்தான பெட்டிய விட்டுட்டுப் போவான்? போயிட்டு வர்றேண்ணேன்னு வாசல்ல நின்னு சொன்னாரு, என் காதால கேட்டேன். ஜெயக்கொடி இந்த மாசம் முடியட்டும்னு இருக்கு. அதுக்குள்ள அவரு வரலைன்னா நான் கெளம்ப வேண்டியதுதான். எங்கன்னு தெரியல. முந்தாநாள் ஒருத்தரு கட்டிலப் பாக்க வந்தாரு, நல்ல மனுசன், வாத்தியாரா இருந்தவரு. ஆளு வந்தாச்சு, எடமில்லைன்னு அனுப்பிட்டேன்.

போன் போட்டேன். தெனம் போட்டேன். மொதல்ல மணி அடிச்சுச்சு, யாரும் எடுக்கல. அப்புறம் மணியும் அடிக்கல. சார்ஜ் போட மறந்திருப்பாரு. அவருக்கு அந்த போனுன்னாலே பயந்தான்.

கதவப் பாத்தீகளா, உள்ள வர்றப்ப? பாருங்க, இங்கிட்டுத் திரும்பிப் பாருங்க. புதுத் தாழ்ப்பாள். பித்தளை. முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்கு கனம். ஆசாரி வேணாம்னு நானே மாட்டினேன், ஒரு ஸ்க்ரூ திருக, ஒரு தடவ உக்கார, அப்படி மாட்டினேன். உங்கப்பா வந்தா நிம்மதியாத் தூங்கணும்ல? ராத்திரி அதைப் போட்டுத்தான் படுக்கறேன். ஒண்டியா. நம்ப மாட்டீக. தாழ்ப்பாள் போட்டுப் பழகிட்டேன், இனிமே சண்டை போட மாட்டேன், உப்பும் கேக்க மாட்டேன்னு அவருகிட்டச் சொல்லணும். அதைச் சொல்லத்தான் உங்கள இம்புட்டு நேரம் உக்கார வச்சிருக்கேன்.

பயமா இருக்கு தம்பி. ஏணியில ஏறினப்ப இல்லாத பயம். தாழ்ப்பாளப் போட்டுட்டுப் படுத்தா என் மூச்ச நானே எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். வெள்ளனே "சாந்தாராம்!"னு குரல் குடுக்கறேன். அப்புறம் நானே "இருக்கேன்ணே"ன்னும் சொல்லிக்கறேன். ஜெயக்கொடி இப்பல்லாம் சிரிக்கறதில்ல.

இன்னிக்கு ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறீகளா? அவரு கட்டில்லயே படுங்க, கசங்கினாக் கசங்கட்டும், நான் பேசிக்கறேன். வெள்ளனே ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு பஸ் ஏறிருங்க. இல்ல, வேணாம். வேணாம் தம்பி, நீங்க கெளம்புங்க. வீட்டுல அம்மா ஒண்டியா இருப்பாக. இந்நேரம் அவுகள ஒண்டியா விடக் கூடாது.

ஏன் அழுகறீக? நான் ஒண்ணும் கேக்கலையே. நீங்களும் ஒண்ணும் சொல்லலையே.

நீங்க படியேறி வந்தீகள்ல, அப்பவே தெரியும் தம்பி. ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு வந்தீக. வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு கதவு ஒடைக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிரும். போன் போட்டவன் நிக்கிற நிப்பே சொல்லிரும். துண்டக் கட்டிக்கிட்டு, மீசைய எடுத்துட்டு வந்து நிக்கறீக, நான் என்ன கண்ணு தெரியாதவனா? எப்படி, எங்க, என்னைக்கு, அதெல்லாம் எனக்கு வேணாம். கால்வாசி நெஞ்சு என்னுது. போக வேண்டியவன் நான். வரிசையில நான்தான முன்னால நின்னேன்? பயந்தாங்கொள்ளிப் பய, அதுல மட்டும் எப்படி முந்தினான்? நான் கதவத் தொறக்கணும்னுதான ஒப்பந்தம்? அவனுக்கு யாரு தொறந்தா? நான் அங்க இல்லையே. ஐயோ, நான் அங்க இல்லையே தம்பி.

இருங்க. தோளப் பிடிக்க வேணாம், நல்லாத்தான் இருக்கேன். பெட்டிய இழுக்காதீங்க. எங்க ஸ்டேஷன் வழக்கம் சொன்னேன்ல? அன்னிக்கு மூச்சு வராம விட்டுப் போச்சு. இப்ப வரும். வருது.

சாந்தாராம்!

கேட்டுச்சா? நல்லாத்தான கேட்டுச்சு? கீழ வரைக்கும் கேட்டிருக்கும்.

சாந்தாராம்!

ரெண்டாச்சு. போதும். இன்னிக்கு இது போதும். மூணாவது தடவ நான் கூப்பிட மாட்டேன். நாளைக்கும் மாட்டேன். நான் கூப்பிடற வரைக்கும் யாரும் எதுவும் சொல்லக் கூடாது, நீங்க உட்பட. பெட்டி இங்கனயே இருக்கட்டும், அது அவரு வச்சிட்டுப் போன பெட்டி.

போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க தம்பி. தாழ்ப்பாள் நான் போட்டுக்கறேன். தொறந்து கெடந்தா உங்கப்பா தூங்க மாட்டாரு.